கையால் இயக்கும் தாய்ப்பால் பம்ப்: கிராமத்துத் தாய்க்கு எவ்வளவு உதவும்?

குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தர வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலைக் கொடுத்தாலும் அது ‘தாய்ப்பால் மட்டும்’ என்ற வரையறைக்குள் அடங்கும் என்பதால், பிரசவமான சில வாரங்களிலேயே வயல்வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு இந்தக் கருவி பரிந்துரைக்கப்படுகிறது. அத்தகைய தாய்மார்கள் சிலர் இதைப் பயன்படுத்துவதை அருகிலிருந்து கவனித்ததன் பேரில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கருவி என்ற அளவில் குறை சொல்ல அதிகமில்லை. மின்சாரம் வேண்டாம், சத்தமும் பெரிதாக இல்லை. கைப்பிடியை அழுத்தும் வேகத்தைத் தாயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் வலி குறைவு. ஆனால் மார்பில் பொருத்தும் புனலின் அளவு முலைக்காம்புக்குப் பொருந்தாவிட்டால் காம்பு புண்ணாகும். பாலும் சரியாக வராது. ஒரே அளவுப் புனலுடன் விற்கப்படுவது பெருங்குறை. ரப்பர் பந்தை அமுக்கி இழுக்கும் பழைய வகையை மட்டும் வாங்கவே கூடாது. பந்துக்குள் போகும் பாலைச் சுத்தம் செய்ய வழியே இல்லை.

சிக்கல் பாலை எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. பீய்ச்சிய பால் 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்கள் வரையிலும் தாங்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், விடியலில் கிளம்பி மாலையில் திரும்பும் தாயின் பால் நண்பகல் பசிக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் பாகங்களைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவிக் கொதிக்க வைக்க, தண்ணீரும் விறகும் எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வான நேரமும் வேண்டும். வேலையிடத்தில் மறைவான ஓர் இடமும் வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடப் பம்ப் தன்னுடன் கொண்டுவருவதில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்தியது, புட்டியின் மேலுள்ள மில்லிலிட்டர் கோடுகள். தாய்மார்கள் இடையிலேயே வேறு பாலுக்கு மாறுவதற்கு மிகப் பொதுவான காரணம் ‘பால் பற்றவில்லை’ என்ற எண்ணம்தான். குழந்தை உறிஞ்சும் அளவுக்குப் பம்ப் இழுக்காது என்பது அறியாதவர்களுக்கு, அடிக்கோட்டில் நிற்கும் பால் அந்த அச்சத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. அதைப் பார்க்கும் மாமியாரும் கணவரும் மாவுப்பாலைப் பற்றிப் பேசத் தொடங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் குழந்தைக்குப் பால் போதுகிறது. பயன்பாட்டுக் கையேட்டில் இது ஒரு வரியாவது இருக்க வேண்டாமா? மாறாக, ரப்பர் காம்பு பொருத்திய பால்புட்டியைத்தான் இணைப்பாகத் தருகிறார்கள். சுத்தம் செய்ய எளிதான சிறு கிண்ணத்தால் புகட்டுவதே நல்லது.

பால் கட்டி மார்பு வீங்கியவர்களுக்கும், குறைமாதத்தில் பிறந்து உறிஞ்ச முடியாத குழந்தையின் தாய்க்கும், 3, 4 மணி நேரம் மட்டும் வெளியே செல்பவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதல் சில நாட்களின் சீம்பாலுக்கு மட்டும் இது வேண்டாம். கெட்டியாகச் சிறிதளவே சுரக்கும் அது பம்பின் சுவர்களிலேயே ஒட்டி வீணாகும், கையால் பீய்ச்சுவதே பலன் தரும். நாள் முழுவதும் வயலில் இருப்பவர்கள், குழந்தையை வேலையிடத்துக்கு யாரேனும் கொண்டுவர முடியுமா என்பதை முதலில் பார்ப்பது மேல்.

வாங்குபவர்கள், பம்புக்குள் இருக்கும் மெல்லிய வால்வான அடைப்பிதழ் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அது கிழிந்தால் உறிஞ்சும் விசை போய்விடும். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கவும் வேண்டாம். ஒருவருக்கென்று செய்யப்பட்ட பம்பைப் பலர் பயன்படுத்தினால் கிருமி தொற்றும்.