சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் உங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா? நெடுநாள் வளர்ப்பில் தெரிந்தவை

சிப்பிப்பாறைக் குட்டி வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது வீட்டின் பரப்பளவைத்தான். பின்பக்கம் இரண்டு சென்ட் காலியாக இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது என்பார்கள். இந்த நாய்க்கு அது கணக்கே இல்லை. காலியிடத்தில் தனியாக விட்டால் அது ஓடி விளையாடாது. வாசற்படியில் சுருண்டு படுத்துக்கொண்டு கேட் எப்போது திறக்கும் என்று பார்த்திருக்கும். தேவை இரண்டுதான்: காலையும் மாலையும் கூட நடக்க ஓர் ஆள், சாத்தினால் சாத்தியபடி இருக்கும் ஒரு கேட். இவை இரண்டும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் உங்கள் வீட்டில் நிலைக்குமா என்று பாருங்கள்.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வெட்டவெளிக் காடுகளில் முயல் விரட்டப் பழக்கப்பட்ட நாய்கள் இவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. சிப்பிப்பாறை என்பது ஊர்ப்பெயர். கறுப்பு உடம்பில் புருவம், நெஞ்சு, கால்களில் பழுப்பு விழுந்திருந்தால் கன்னி. வெளிர் நிறமாக இருந்தால் பால்கன்னி. ஆண் நாய் தோள் உயரம் ஏறக்குறைய 63 செ.மீ., எடை 16 முதல் 20 கிலோ. 2005-இல் அஞ்சல்தலையில் வந்த ராஜபாளையம் இதே தெற்கத்தி நாய்தான் என்றாலும் உடம்பும் குணமும் வேறு: கனமானது, காவலுக்குச் சாய்ந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு குட்டி வாங்குபவர்கள் ஒரு வருடத்தில் ஏமாந்து போகிறார்கள்.

முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் காடு கொடுத்த ஓட்டத்தை இனி வீட்டுக்காரர்தான் கொடுத்தாக வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஒரு வேளைக்கு 40 முதல் 45 நிமிட நடை, நாளுக்கு இரண்டு வேளை. அதோடு வாரத்தில் மூன்று நாளாவது நாலு பக்கமும் அடைத்த இடத்தில் பத்து நிமிடம் முழு வேக ஓட்டம். மணிக்கணக்கில் ஓட வேண்டியதில்லை. பத்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு மிச்ச நாள் முழுக்கத் தூங்கும். இந்த ஓட்டம் கிடைத்தால் வீட்டுக்குள் இவ்வளவு அமைதியான நாய் கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் செருப்பு, தலையணை, கதவுச் சட்டம் என்று வாய்க்கு எட்டியதெல்லாம் போகும்.

குட்டி வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தொடர்ந்து 21 நாள், நாய் இல்லாமலே, காலை ஐந்தரைக்கும் மாலை ஆறரைக்கும் முக்கால் மணி நேரம் நடங்கள். மழை நாளும் ஞாயிறும் இதில் சேர்த்தி. ஐந்தாறு நாள் விட்டுப்போனால் இந்த நாய் வேண்டாம்.

இனி கேட். சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பூனையோ அணிலோ கண்ணில் பட்டு ஓட ஆரம்பித்துவிட்டால் இந்த நாய்க்குக் காது கேட்காது. கீழ்ப்படியாமை என்று இதைச் சொல்வது தவறு. கண்ணில் பட்டு ஓடுவதைத் தொடர்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த நாய் இது. கூப்பிட்டால் வரப் பழக்கலாம், பழக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பழக்கத்தை நம்பிச் சாலையோரத்தில் கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாது. சுற்றுச்சுவர் ஆறடி வேண்டும். நாலடிச் சுவரை ஓட்டம் எடுக்காமலே தாண்டிவிடும். முள்கம்பி வேலி அறவே கூடாது. தோல் மெல்லியது, உள்ளே கொழுப்பும் குறைவு, ஒரு உரசலில் தையல் போடும் அளவுக்குக் கிழியும். பால்காரரும் கூரியர்க்காரரும் வந்து போகும் வீடாக இருந்தால் கேட்டுக்கு உள்ளே நாலடி தள்ளி இன்னொரு சிறு கதவு போடுங்கள். ஒன்றை மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். செலவு கொஞ்சம்தான், காப்பாற்றுவதோ உயிரை.

கழுத்துப்பட்டையையும் கவனியுங்கள். இந்த நாய்களின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரண பக்கிள் பட்டை போட்டால் பயந்து பின்வாங்கும்போது தலை வழுக்கி வெளியே வந்துவிடும். இழுத்தால் அளவோடு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலத்தில் வாங்குங்கள். இரும்புச் சங்கிலி வேண்டாம், கழுத்து முடி தேய்ந்து புண்ணாகும். கயிறு ஆறடி போதும். பத்து மீட்டர் நீளும் சுருள் கயிற்றில் நாய் முழு வேகம் எடுத்துவிட்டுச் சட்டென்று நின்றால் கழுத்தெலும்புக்கே ஆபத்து, உங்கள் தோள்பட்டைக்கும்தான்.

வீட்டில் கோழி, முயல், பூனை இருந்தால் நன்றாக யோசியுங்கள். குட்டியிலிருந்து கூடவே வளர்ந்த பூனையை வீட்டுக்குள் விட்டுவைக்கும். அதே பூனை தெருவில் ஓடினால் துரத்தும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் கட்டிப் பிடித்துக் கசக்கும் குழந்தையைப் பார்த்தால் விலகிப் போய்விடும் நாய் இது. அது விலகிப் போக ஓர் இடம் இருக்கட்டும். மூலையில் மாட்டிக்கொண்ட நாய் உறுமத்தான் செய்யும். ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளும். அதட்டினால் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும், அடித்தால் நம்பிக்கை போய்விடும். தட்டிக் கொடுத்தும் வேகவைத்த ஈரல் துண்டு கொடுத்தும் பழக்குவதே வேலைக்கு ஆகும்.

எல்லாருக்கும் வரும் ஒரு தொல்லை: "நாய்க்குச் சோறே போடுறது இல்லையா?" என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பும் இடுப்பெலும்பு முனைகளும் லேசாகத் தெரிவதுதான் இதற்குச் சரியான உடம்பு. ஊரார் பேச்சுக்கு பயந்து கொழுக்க வைத்தால் மூட்டு கெடும். முதுகெலும்பு முழுக்கத் துருத்தினால் மட்டும் உணவைக் கூட்டுங்கள், குடற்புழுவுக்கும் பாருங்கள்.

18 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி வேண்டும். வீட்டுச் சாப்பாடு என்றால் வடித்த சோறு 300 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 250 கிராம், அவித்த முட்டை ஒன்று, கேரட் அல்லது பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதை இரண்டு வேளையாகப் பிரித்து வைக்கலாம். இதில் கால்சியம் போதாது. மருத்துவரைக் கேட்டுச் சேர்க்க வேண்டும், குறிப்பாகக் குட்டிகளுக்கு. கம்பங்கஞ்சியும் மோரும் மட்டுமே கொடுத்து வளர்த்தால் கால் வளைகிறது, முடி கொட்டுகிறது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு எதுவும் கூடாது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய் என்பதால் சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு ஓட விடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே குமட்டினால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாய் இருக்காது.

நம் ஊரில் இந்த நாய்களை அதிகம் சாய்ப்பது பார்வோ என்ற வைரஸ் கழிச்சலும் உண்ணிக் காய்ச்சலும். முதலாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது: ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம், பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில். உண்ணிக்கு முதல் வழி தினமும் உடம்பைத் தடவிப் பார்ப்பதுதான். காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் பாருங்கள். முடி குட்டை என்பதால் ஐந்து நிமிட வேலை. நாய் சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்தோ மூக்கில் ரத்தம் வந்தோ இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கருத்தடை போன்ற அறுவைக்குக் கொண்டுபோனால் "இது வேட்டை நாய், கொழுப்பு குறைவு" என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து இவ்வகை நாய்கள் மெதுவாகத்தான் தெளியும். வேறு மருந்து இருக்கிறது.

குட்டி எடுக்கும்போது எட்டு வாரம் முடிந்திருக்க வேண்டும், தாய் நாயைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். தாய் ஆளைக் கண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் அந்த ஈத்தும் பயந்த ஈத்தாக வர வாய்ப்பு அதிகம். முழு வெள்ளைக் குட்டியாக இருந்தால், ராஜபாளையத்தில் இது முக்கியம், பின்னால் நின்று கைதட்டிக் காது கேட்கிறதா என்று பாருங்கள். பதினாறு வாரத்துக்குள் பேருந்துச் சத்தம், ஹெல்மெட் போட்ட ஆள், குடை, படிக்கட்டு எல்லாம் பழக்கிவிட வேண்டும். தடுப்பூசி முடியும்வரை தூக்கிக்கொண்டே காட்டலாம். இந்தக் காலம் போனால் பயம் தங்கிவிடும். பட்டாசுச் சத்தத்தில் வீட்டைவிட்டு ஓடும் நாய்களில் பல இப்படி வளர்ந்தவை.

அடுக்குமாடியில் வளர்க்கலாமா? நடத்திக் கூட்டிப்போக ஆள் இருந்தால் வளர்க்கலாம். வாடை குறைவு, நீளமான முடி உதிராது. பால்கனிக் கைப்பிடிக்கு மேல் வலை அடித்தே ஆக வேண்டும், புறா ஒன்று போதும் குதிப்பதற்கு. சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம். பகல் முழுக்க எல்லாரும் வேலைக்குப் போய் பத்து மணி நேரம் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் வேண்டாம். வேறு எந்த இன நாய்க்கும் அந்த வீடு சரிப்படாது.

எட்டு வயதுக்குப் பிறகு ஓட்டம் தானாகக் குறையும், நடையைக் குறைக்காதீர்கள். தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்து நீர் கோத்துக்கொள்ளும். நாலு அங்குலக் கனத்தில் மெத்தை போட்டால் தடுக்கலாம். மார்கழிக் குளிரில் முதிய நாய் நடுங்கும். பழைய பருத்திப் போர்வை ஒன்றைப் போர்த்திவிடுங்கள், விடியும்வரை அப்படியே கிடக்கும்.