காபிக்குச் சரி, கேசரிக்கு உதவாது: சுக்ரலோஸ் மாத்திரையும் தூளும்

நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு லாரி போகும் கடலூர்ச் சாலையிலேயே, மருந்துக் கடைகளில் இப்போது சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பான சுக்ரலோஸ் டப்பா கிடைக்கிறது. சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு 8 மில்லிகிராம் போதும். மாத்திரையில் மீதியெல்லாம் அதைப் பிடித்து வைக்கும் நிரப்புப் பொருள்தான்.

ஃபில்டர் காபிக்கு இது பொருத்தம். ஒரு டம்ளருக்கு ஒன்று. சூடான டிகாஷனில் முதலில் கரைத்துவிட்டுப் பாலை ஊற்றுங்கள். இரண்டு போட்டால் குடித்து முடித்த பிறகும் நாக்கில் இனிப்பு ஒட்டிக்கொண்டே நிற்கும், அதுதான் இதன் பெரிய குறை. எலுமிச்சை ஜூஸில் முழுசாகப் போட்டால் அடியில் கிடக்கும், பொடித்துப் போடவும்.

தூள் வாங்கினால் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருந்தால் அதுவும் மாவுச்சத்துதான், கிராமுக்கு 4 கலோரி. ஒரு பாக்கெட்டில் பெரிதாகத் தெரியாது. பாயசத்துக்குக் கப் கணக்கில் கொட்டும்போது தெரியும்.

அஸ்பார்டேம் என்ற இன்னொரு செயற்கை இனிப்பு கொதித்தால் இனிப்பை இழக்கும், சுக்ரலோஸ் இழக்காது. ஆனால் சர்க்கரை இனிப்புக்கு மட்டுமா போடுகிறோம்? கேசரியில் சர்க்கரை விழுந்ததும் இளகுமே, அந்த இளக்கம் இதில் வராது. ரவை தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு உப்புமா மாதிரி இறுகி நிற்கும். ஒரு கப் ரவைக்கு அரை கப் தண்ணீர் கூட்டினால் ஓரளவு தேறும். சேமியா பாயசம் நேர்மாறாக நீர்த்துப் போகும்; பண்ருட்டி முந்திரி பத்து எடுத்து ஊறவைத்து அரைத்து விட்டால் கெட்டிப்படும். மைசூர்பாக்கு, அதிரசத்தை மறந்துவிடுங்கள், பாகே கிடையாதே! ஓவனில் 120 டிகிரிக்கு மேல் சுட வேண்டியவற்றுக்கும் இது வேண்டாம்; ஆகாத பொருள்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது.

எடை குறைக்க இந்த வகை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 பரிந்துரை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை அது இதில் சேர்க்கவில்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: சர்க்கரை திடீரென இறங்கி வியர்த்தால் இந்தக் காபி உதவாது, குளுக்கோஸோ நிஜச் சர்க்கரையோ வேண்டும்.

கடைசியாக ஒன்று. புதுச்சேரி, கடலூர்க் கடற்காற்றில் டப்பா ஈரம் குடிக்கும். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் விழாது, மறுபடி அழுத்தினால் மூன்று விழும். சின்ன டப்பாவாக வாங்கி, அடுப்பு மேடையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள்.