கியோட்டோ ஃபுனாவோகா ஒன்சென்: ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்

கியோட்டோ போகிறவர்கள் கின்காகுஜி, ஃபுஷிமி இனாரி என்று கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். தப்பில்லை, ஆனால் அந்த ஊர்க்காரர்களின் அன்றாடத்துக்குள் கொஞ்ச நேரமாவது இருந்துவிட்டு வரவேண்டும் என்றால் ஒரு சாயங்காலத்தை சென்தோவுக்கு ஒதுக்குங்கள். சென்தோ என்பது காசு கொடுத்துக் குளிக்கும் தெருக் குளியலகம். நான் போனது நிஷிஜின் பக்கம், குராமகுச்சி வீதியில் உள்ள ஃபுனாவோகா ஒன்சென். 1923இல் தொடங்கிய இடம், 2003இல் அரசு இதைப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்திருக்கிறது. அப்படியும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சோப்பும் துண்டுமாகச் சாதாரணமாக வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள். கட்டணம் 500 யென்னை ஒட்டித்தான், உச்சவரம்பை மாகாண அரசே தீர்மானிக்கிறது.

எனக்கு ஜப்பானிய மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். கடைகளில், பேருந்தில் எல்லாம் போனை நீட்டி மொழிபெயர்த்துச் சமாளித்துவிடலாம். இங்கே அது நடக்காது, உடை மாற்றும் அறையிலேயே போனை எடுக்கக் கூடாது, எல்லாரும் ஒட்டுத்துணி இல்லாமல் நிற்கும் இடம் அல்லவா. இந்த இடம் எனக்கு இவ்வளவு பிடித்ததற்குக் காரணமே அதுதான். போன் கையில் இருக்கும்வரை எதிரில் நிற்கும் மனிதரை விட்டுத் திரையைத்தான் பார்க்கிறோம். அது லாக்கருக்குள் போனதும் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார், துண்டை எங்கே வைக்கிறார், எப்போது எழுந்திருக்கிறார் என்று ஒவ்வொன்றையும் கவனித்தாக வேண்டும். அவர்களும் நம்மைக் கவனித்துக்கொள்கிறார்கள்.

நிர்வாணம் நம்மவர்களுக்குப் பெரிய தடை, தெரியும். குற்றாலத்தில் ஆயிரம் பேர் நடுவே குளித்தாலும் இடுப்பில் துண்டு இருக்கும். இங்கே நீச்சலுடைகூடக் கூடாது. ஆனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கூச்சம் தானாகப் போய்விடுகிறது.

முறை இதுதான். செருப்பை வாசலிலேயே கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே போனதும் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை சுத்தமாகப் போன பிறகுதான் தொட்டியில் இறங்கலாம், ஏனென்றால் அந்த வெந்நீர் எல்லாருக்கும் பொது. துண்டு தண்ணீரில் படக் கூடாது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தபோது பக்கத்துத் தொட்டியில் இருந்த பெரியவர் தன் துண்டை மடித்துத் தலைமேல் வைத்துக் காட்டினார். அப்புறம் ஒரு மூலைத் தொட்டியைச் சுட்டி, இரண்டு கைகளையும் வெடவெடவென்று உதறிக் காட்டித் தலையசைத்தார். அது லேசான மின்சாரம் பாயும் தொட்டி! இறங்கினால் தசை எல்லாம் சுருக்கென்று இழுக்கும். அவர் அபிநயம் பிடித்துக் காட்டிய மாதிரி எந்த அறிவிப்புப் பலகையும் எனக்குச் சொல்லியிருக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

குளித்து முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். உடை மாற்றும் அறையின் கூரையை அண்ணாந்து பாருங்கள்: நீண்ட மூக்குள்ள குராமா மலைப் பூதமும் அதனிடம் வாள் பயின்றதாகக் கதையுள்ள சிறுவன் உஷிவாகமாருவும் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, சுவரின் மேற்பகுதி மரப்பலகைகளில் 1932 ஷாங்காய்ச் சண்டைக் காட்சிகள், ஜப்பானியப் படை சீனாவில் நடத்திய போர். குளிக்க வருகிற இடத்தில் துப்பாக்கியும் சிப்பாயும் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவற்றை அகற்றாமல் வைத்திருப்பது நல்லது என்றே நினைக்கிறேன், அந்தக் காலத்தில் ஒரு தெருக் குளியலகம் வரைக்கும் போர் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம்.

ஒரு முக்கிய விஷயம், ஆண், பெண் பகுதிகள் இங்கே மாறி மாறி வரும். நேற்று நுழைந்த பக்கம்தானே என்று இன்றைக்கும் நுழையக் கூடாது. ஆண், பெண் என்ற அந்த இரண்டு எழுத்துகளின் வடிவத்தையும் முன்கூட்டியே மனதில் பதித்துக்கொண்டு, வாசல் திரையைப் பார்த்து உள்ளே போங்கள். தண்ணீர் நல்ல சூடு, பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குங்கள். மற்ற நாள்களில் மதியம் 3 மணிக்குத்தான் திறப்பார்கள், ஞாயிறு மட்டும் காலையிலேயே திறந்திருக்கும். சீக்கிரம் போய்விட்டால் அதே வீதியில் சரசா நிஷிஜின் என்ற காபிக்கடை இருக்கிறது, அதுவும் ஒரு பழைய சென்தோதான், சுவர் முழுக்க அந்தக் காலத்து மாஜோலிகா ஓடுகள், அதாவது பளபளக்கும் வண்ணப் பீங்கான் ஓடுகள். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம்.