முயல் கண்ணில் பீளை: கையில் கொஞ்சமே பணம் இருந்தால் எதில் போடுவது?

முயலின் ஒரு கண்ணில் நீர் வழிகிறது, கண்ணுக்குக் கீழே முடி ஈரமாகி ஒட்டிக் கிடக்கிறது, ஓரத்தில் வெள்ளைப் பீளை. கையிலோ பணம் குறைவு. இந்த நிலையில் இருப்பவர் முன் பொதுவாக நான்கு வழிகள்: வீட்டிலேயே சலைனால் துடைத்துவிட்டு ஓரிரு நாள் பார்ப்பது, மருந்துக் கடையில் ஒரு கண் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவது, டாக்டரிடம் ஒரு தடவை முறையாகக் காட்டுவது, அதற்கும் மேலே போய் கண்ணீர்க்குழாய் கழுவல், எக்ஸ்ரே, பல் வேலை என்று இறங்குவது. எங்கள் முயலுக்கு மூன்றாவதில் ஆரம்பித்து நான்காவதில் பாதி தூரம் போனோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இருக்கிற பணத்தில் முதல் பங்கு பரிசோதனைக்குப் போகட்டும், மிச்சத்தில் மருந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஒப்பிட்டுக்கொண்டு உட்கார நேரமில்லாத நிலைமைகளும் உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு திறக்கவே மறுப்பது, கருவிழி மேல் நீலம் கலந்த வெண்மை படர்வது, ஒரு கண் வெளியே பிதுங்கி நிற்பது, இரண்டு கண் இமைகளும் வீங்கிப்போவது, கண் தொந்தரவோடு சாப்பாட்டையும் நிறுத்திவிடுவது. இவற்றில் கடைசி ஒன்றுதான் மிக அவசரம். கண் வலியே போதும், முயல் சாப்பிடாமல் விட்டுவிடும். அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் குடல் இயக்கமே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. இந்த மாதிரி எதுவும் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

சலைன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிருமி நீக்கிய 0.9 சதவீத உப்புக்கரைசல் மலிவானது, தப்பு செய்யாதது. கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் வேறு சமாச்சாரம், அதை ஊற்றக் கூடாது. காய்ந்த பீளையைப் பிடித்து இழுத்தால் முடியும் தோலும் சேர்ந்து வரும், எனவே நனைத்த காஸ் துணியைக் கொஞ்ச நேரம் அதன் மேல் வைத்து ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். கண் நன்றாகத் திறந்திருக்கிறது, வழிவது தெளிந்த நீர்தான், சாப்பாடு வழக்கம்போல் நடக்கிறது என்றால் ஒருநாள், அதிகம் போனால் இரண்டு நாள் இப்படியே பார்க்கலாம். அந்த இடைவெளியில் கூண்டையும் கவனிக்க வேண்டும். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் தூசி நிறைந்த உலர்புல்லும் கண்ணைக் கரிக்கும். முயல் கண் சிமிட்டுவதே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான், எனவே விழுந்த தூசி நம் கண்ணில்போல் சட்டென்று வெளியேறாது. கூண்டைச் சுத்தம் செய்து, புல்லை வெளியே உதறிப் போட்டதுமே சரியாகிவிட்டால் நல்லது, செலவு அதோடு முடிந்தது. வருவது வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் மட்டும் சலைனை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

மருந்துக் கடைச் சொட்டு மருந்துதான் பலரும் கை வைக்கும் இடம். ஒரு விதத்தில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், குளோரம்ஃபெனிக்கால், ஜென்டாமைசின் என்று மனிதர் கண்ணுக்கு விற்கிற அதே மருந்துகளைத்தான் கால்நடை டாக்டர்களும் முயலுக்கு எழுதுகிறார்கள். சிக்கல், அதே அலமாரியில் அதே மாதிரிக் குட்டிப் பாட்டிலில் இருக்கும் ஸ்டீராய்டு கலந்த மருந்துகளில். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன் என்று லேபிளில் ஏதாவது ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். உலர்புல் நுனி குத்தியோ நகம் பட்டோ கருவிழியில் சின்னக் கீறல் இருந்து, அதன் மேல் ஸ்டீராய்டு விழுந்தால், புண் ஆறாது, ஆழமாகிக் கண்ணையே துளைத்துவிடலாம். கொடுமை என்னவென்றால் ஸ்டீராய்டு சிவப்பை உடனே குறைத்துவிடும், பார்ப்பவருக்கு மருந்து பிரமாதமாக வேலை செய்வது போலிருக்கும். அந்தக் கீறல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, இது கண்ணைப் பற்றியதில்லை, ஆனால் இந்த இடத்தில்தான் நடக்கும். சொட்டு மருந்தில் சரியாகவில்லை என்றதும், வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்து வாய் வழியே கொடுக்கும் யோசனை வரும். கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளும் கிளிண்டாமைசினும் வாய் வழியே போனால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, விஷம் சுரக்கும் கிருமிகள் பெருகி, உயிரே போய்விடலாம். 

சரி, டாக்டரிடம் ஒரு தடவை காட்டுவதற்கு வருவோம். அந்தக் கட்டணத்துக்குப் பல பாட்டில் சொட்டு மருந்து வாங்கிவிடலாம் என்பது உண்மைதான், அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் அங்கே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ஃப்ளோரசின் சாயச் சோதனை, பிறகு பல்லைப் பார்ப்பது. இரண்டும் சில நிமிட வேலை, மயக்க மருந்து தேவையில்லை, பெரிய இயந்திரமும் தேவையில்லை.

சாயம் தோய்த்த காகிதத் துண்டு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதை ஈரப்படுத்திக் கண்ணில் தொட்டு, கழுவி, நீல விளக்கில் பார்ப்பார்கள். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். எந்தச் சொட்டு மருந்து கூடும், எது கூடாது என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். அதே சாயம் இன்னொரு வேலையும் செய்கிறது. சில நிமிடம் பொறுத்து மூக்கைப் பார்த்தால், கண்ணீர்க்குழாய் திறந்திருக்கும் பக்கத்து மூக்குத் துவாரத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். எங்கள் முயலுக்கு வலது மூக்கோரத்து முடியில் பச்சை இறங்கியது, இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை. நீர் வழிந்துகொண்டிருந்தது இடது கண். டாக்டர் அந்தக் கண்ணின் உள்மூலைக்குக் கீழே விரலால் மெல்ல அழுத்தியதும் கெட்டியான வெள்ளைத் திரவம் இமையோரம் பிதுங்கி வந்தது. கருவிழியில் புண் இல்லை, குழாய் அடைத்திருக்கிறது, உள்ளே சீழ். தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

இது ஏன் பணத்தோடு சம்பந்தப்பட்டது என்று சொல்கிறேன். முயலுக்கு ஒவ்வொரு கண்ணிலும் கண்ணீர் வடிய ஒரே ஒரு துவாரம்தான், கீழ் இமையின் உட்புறத்தில். நமக்கு மேலும் கீழுமாக இரண்டு. அந்த ஒற்றைத் துவாரத்திலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களையும் முன் வெட்டுப்பல்லின் வேரையும் உரசிக்கொண்டு போகிறது, வழியில் இரண்டு இடத்தில் வளைகிறது, வளையும் இடத்தில் குறுகவும் செய்கிறது. முயலின் பற்கள் ஆயுசு முழுக்க வளர்பவை, வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். நார் நிறைந்த புல்லை மென்று மென்று தேய்க்காவிட்டால் பல் வெளியே மட்டும் நீளாது, வேர்ப்பக்கமும் மேல்நோக்கித் தள்ளும். அப்போது நசுங்குவது இந்தக் குழாய். கண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி சேரும், சீழ் பிடிக்கும். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து அந்தக் கிருமியைக் குறைக்கும், ஒரு வாரம் கண் பளிச்சென்று இருக்கும், மருந்தை நிறுத்தினால் பழையபடி வழியும். அடைப்பு அங்கேயே இருக்கிறதே.

எனவே ஒப்பிட வேண்டியது முதல் நாள் செலவை அல்ல, ஒரு வருஷச் செலவை. திறந்த கண் சொட்டு மருந்துப் பாட்டிலைப் பொதுவாக நான்கு வாரத்தில் தூக்கி எறிந்துவிட வேண்டும், மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்க முடியாது. ஆகவே பீளை திரும்பும் ஒவ்வொரு முறையும் புதுப் பாட்டில். அதோடு தினமும் மூன்று நான்கு வேளை முயலைத் துண்டில் சுற்றிப் பிடிக்கும் பாடு வேறு. வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் பெரிய செலவு என்பேன். இப்படியே மாதக்கணக்கில் இழுத்தால் கன்னத்தில் முடி கொட்டித் தோல் புண்ணாகும், அதற்குத் தனி வைத்தியம். மலிவாக ஆரம்பித்த வழி இப்படித்தான் மலிவு இல்லாமல் போகிறது. கீறல்தான் காரணம், குழாயில் அடைப்பில்லை என்று சாயம் காட்டிவிட்டால் கணக்கே வேறு. அப்போது ஒரே ஒரு பாட்டிலும் மறுபடி ஒரு சாயச் சோதனையும் பெரும்பாலும் போதும். எந்தக் கணக்கில் நாம் இருக்கிறோம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்பதால்தான் பரிசோதனைக்கு முதல் பங்கு என்றேன்.

எங்களுக்கு அடைப்பு என்று தெரிந்ததால் அன்றே குழாயைக் கழுவச் சொன்னோம். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கீழ் இமையை லேசாக விலக்கி, அந்தத் துவாரத்தில் முனை மழுங்கிய மெல்லிய குழலை நுழைத்துச் சலைனைத் தள்ளினார்கள். எங்கள் முயல் துண்டுக்குள் அடங்கியிருந்தது. சில முயல்களுக்கு லேசான மயக்கம் தேவைப்படும், அப்போது செலவு ஏறும். முதலில் சிரிஞ்ச் நகரவில்லை. பிறகு மூக்கிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்று விழுந்து, அதன் பின்னால் கலங்கலாக, அப்புறம் தெளிவாகச் சொட்டியது. துண்டில் சுற்றும்போது பின்னங்கால்களை விட்டுவிடக் கூடாது, முயல் திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். வீட்டில் சொட்டு மருந்து விடும்போதும் இதே எச்சரிக்கைதான்.

ஒரே கழுவலில் முடிந்ததா என்றால், இல்லை. மறுபடி அடைத்தது, மறுபடி கழுவினோம், ஆனால் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. கூடவே தீனிக் குருணையைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினோம். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஒரு முயலை வைத்துச் சொல்வது இது. வேர் ஏற்கெனவே நன்றாக நீண்டுவிட்ட முயலுக்குக் கழுவல் தற்காலிகம்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியும் நிரந்தரச் சொட்டு மருந்துக்கும் அவ்வப்போது கழுவலுக்கும் நடுவில் நான் கழுவல் பக்கம்தான்.

பில்லைக் குறைக்கச் சில வழிகள். போகும் முன் போனிலேயே முயல் பார்ப்பார்களா, சாயச் சோதனை செய்வார்களா என்று கேட்டுவிடுங்கள். சாயச் சோதனையை நாய், பூனை பார்க்கும் எந்த டாக்டரும் செய்யலாம், கழுவலுக்குத்தான் முயலில் கைப்பழக்கம் உள்ளவர் வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள், தனியார் கிளினிக்கைவிடப் பெரும்பாலும் குறைவாக இருக்கும். கையில் இருக்கும் தொகையை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எது இன்றே, எது தள்ளிப்போடலாம் என்று வரிசை போடச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுக்கு இது தினசரிப் பேச்சு. மருந்தைப் பிராண்ட் பெயரில் எழுதாமல் மூலப்பெயரில் எழுதித் தரச் சொன்னால் மலிவானதைப் பார்த்து வாங்கலாம். சீழை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையை முதல் தடவையே செய்ய வேண்டியதில்லை, சாதாரண மருந்து பலிக்காதபோது பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு மேலே உள்ளவற்றில் எனக்குச் சொந்த அனுபவம் குறைவு. கண் பிதுங்கி நின்றால் பெரும்பாலும் பல்வேரிலிருந்து கிளம்பிய சீழ்க்கட்டி கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். முயலின் சீழ் பற்பசை மாதிரி கெட்டி, ஊசி போட்டு உறிஞ்ச வராது, சொட்டு மருந்து அங்கே எட்டவும் எட்டாது. பல்லை எடுப்பது, சில சமயம் கண்ணையே எடுப்பது என்று போகும். கண்ணை எடுப்பது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் பார்வை போய் வலி மட்டும் மிஞ்சிய கண்ணுக்கு அது முடிவில்லாத மருந்துச் செலவை நிறுத்தும், ஒற்றைக் கண்ணோடு முயல்கள் நன்றாகவே சமாளிக்கின்றன. இளம் முயலின் கண்ணுக்குள் வெள்ளைக் கட்டி தெரிந்தால் அது என்செஃபாலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணி வேலையாக இருக்கலாம். அதற்கு வழக்கமாக 28 நாள் ஃபென்பெண்டசோல் கொடுக்கிறார்கள், மருந்துக் கடைச் சொட்டு மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

எக்ஸ்ரேயை நாங்கள் இதுவரை தள்ளித்தான் வைத்திருக்கிறோம். காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியை வாயில் விட்டுப் பார்த்தபோது கடைவாய்ப் பல்லில் கூர்முனை எதுவும் தெரியவில்லை, வேரைப் பார்க்க எக்ஸ்ரே மாதிரிப் படம் எடுத்தாக வேண்டும். கழுவல்களுக்கு நடுவே இடைவெளி இப்படியே நீண்டால் அதைத் தொட மாட்டோம். மறுபடி குறைய ஆரம்பித்தால் அடுத்த கழுவலுக்கு வைத்திருக்கும் பணம் எக்ஸ்ரேக்குப் போகும், டாக்டரிடமும் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.