தன்னிரக்கம் அன்று, தற்பரிவு: எட்டு வாரப் பயிற்சி ஒன்றைப் பற்றி

நோயுற்ற தந்தையை இரண்டாண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்டவன் நான். ஒவ்வோர் இரவும் அன்று செய்யத் தவறியவற்றைக் கணக்கெடுத்தபடியே படுக்கப்போகும் பழக்கம், அவர் தேறி எழுந்த பின்னும் என்னை விடவில்லை. அந்த நிலையில்தான் 'மைண்ட்ஃபுல் செல்ஃப் கம்பாஷன்' (விழிப்போடு கூடிய தற்பரிவு, அதாவது தன்னிடம் தானே பரிவு காட்டுதல்) என்னும் எட்டு வாரப் பயிற்சியை இணையவழியில் எடுத்துக்கொண்டேன். அமெரிக்க உளவியலாளர்களான கிறிஸ்டின் நெஃப், கிறிஸ்டோபர் ஜெர்மர் ஆகிய இருவரும் 2010இல் உருவாக்கிய பாடத்திட்டம் இது. வாரம் ஒரு வகுப்பு, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நடக்கும். இடையில் ஓர் அரைநாளைப் பெரும்பாலும் மௌனத்தில் கழிக்க வேண்டும்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'செல்ஃப் கம்பாஷன்' என்பதைத் 'தன்னிரக்கம்' என்று தமிழாக்கினால் பொருளே தலைகீழாகிவிடும். தன்னிரக்கம் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று புலம்பும். இந்தப் பயிற்சியோ அந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான் முதலில் பிடுங்கி எறிகிறது. நெஃப் 2003இல் வகுத்த வரையறையில் மூன்று கூறுகள் உள்ளன: தன்னிடம் காட்டும் கனிவு, தவறுவதும் துன்புறுவதும் மனிதர் எல்லார்க்கும் பொது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி காணும் விழிப்பு. இவற்றை அளக்க அவர் அமைத்த 26 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை நிரப்பியபோது, கனிவில் நான் அவ்வளவு மோசமில்லை என்றும், இரண்டாவது கூறில்தான் மிகவும் பின்தங்கியிருக்கிறேன் என்றும் தெரிந்தது. என் குறைகள் எனக்கே உரியவை என்று ஒருவகைப் பெருமிதத்தோடு நம்பியிருந்தேன் போலும்.

தன்னிடம் பரிவு காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. உளவியலாளர்கள் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அதை ஓரளவு தணித்தது. கடினமான சொல்வளத் தேர்வில் தடுமாறிய மாணவர்களில், தம்மைப் பரிவோடு நோக்கும்படி தூண்டப்பட்டவர்கள், தன்மதிப்பை உயர்த்தும் சொற்களைப் பெற்றவர்களைவிட அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். கடிந்துகொள்வதே முன்னேற்றும் என்று பழகிய மனத்துக்கு இது எளிதில் செரிக்காத செய்தி.

பயிற்சியின் உண்மையான மதிப்பு எனக்குப் புலப்பட்டது அது இதமாக இருந்த வாரங்களில் அல்ல, வலித்த வாரத்தில்தான். நெருங்கிய நண்பர் எழுதுவது போல எனக்கு நானே ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். நான்கு வரி எழுதுவதற்குள் நெஞ்சு அடைத்தது, மறுநாள் முழுவதும் காரணமற்ற எரிச்சல். பாடத்திட்டம் இதை முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. அதற்குத் தீயணைப்பு வீரர்களிடமிருந்து ஓர் உவமையையும் எடுத்துக்கொள்கிறது. மூடிய அறையில் காற்றின்றி அடங்கிக் கிடக்கும் நெருப்பு, கதவைத் திறந்ததும் உயிர்வளி பாய்வதால் குப்பென்று பற்றுமல்லவா, அதுபோல நெடுநாள் மறுக்கப்பட்ட கனிவு உள்ளே நுழையும்போது பழைய வலியே முதலில் வெளியே வரும். அப்போது பயிற்சியைத் தொடர்ந்து அழுத்தாமல், உள்ளங்கால் தரையில் படும் உணர்வில் கவனத்தை நிறுத்தவோ, எழுந்து ஏதேனும் அன்றாட வேலையைச் செய்யவோ சொல்கிறார்கள். நிறுத்திக்கொள்வதும் பயிற்சியே என்று அங்கீகரிக்கும் பாடத்தை நான் இதற்கு முன் கண்டதில்லை.

பிறரைப் பராமரிப்பவர்களுக்கான பகுதி இன்னும் நுட்பமானது. மூச்சை உள்ளிழுக்கும்போது தனக்கும், வெளிவிடும்போது எதிரில் இருப்பவருக்கும் பரிவை அளிப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். நோயாளியின் அருகில், அவர் அறியாமலேயே செய்யத்தக்க பயிற்சி இது. என் தந்தையின் கட்டிலருகே இருந்த நாட்களில் இதை அறிந்திருக்கலாமே என்று தோன்றியது.

குறைகளும் உண்டு. நான் சேர்ந்த வகுப்பை நடத்தியவர்கள் முதல் நாளே முன்பின் அறியாதவரோடு இருவர் இருவராக அமரவைத்து மனம் திறக்கச் சொன்னார்கள். கூச்சம் மிகுந்தோர்க்கு இது தண்டனை. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்வது, மூச்சுவிடக்கூட நேரமில்லாத பராமரிப்பாளர்களின் நிலையை அறியாத எதிர்பார்ப்பு. அளவுக்கு மீறிய பணிச்சுமையால் நொடிந்தவரிடம் கனிவை மட்டும் கொடுத்து அனுப்புவது, அந்தச் சுமையை ஏற்றியவர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. பாடத்திட்டம் இதைத் தொட்டுச் செல்கிறதே தவிர நின்று பேசவில்லை. ஆய்வுச் சான்றையும் சற்று நிதானமாகவே கொள்ள வேண்டும். நெஃபும் ஜெர்மரும் 2013இல் வெளியிட்ட முதல் சோதனையில் பலன்கள் ஓராண்டு வரை நீடித்தன என்றாலும், ஒப்பீட்டுக்கு இருந்தவர்கள் வேறெந்தப் பயிற்சியும் பெறாமல் காத்திருந்தவர்களே. அதை நடத்தியவர்களும் பாடத்திட்டத்தை ஆக்கியவர்களே.

இது சிகிச்சை அன்று. ஆழ்ந்த மனச்சோர்விலோ, அண்மைய அதிர்ச்சியிலோ இருப்பவர்கள் முதலில் மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகுவதே முறை. தம்மைத் தாமே ஓயாமல் குற்றம் சாட்டிக்கொள்ளும் வழக்கமுடைய மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எட்டு வாரத்தில் கற்ற பலவற்றை நான் மறந்துவிட்டேன். பயிற்சிக்கான ஒலிப்பதிவுகளைப் பிறகு திறக்கவே இல்லை. இரவுக் கணக்கு மட்டும் இன்னும் நடக்கிறது, ஆனால் பாதியிலேயே உறங்கிவிடுகிறேன்.