சிலிகோனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை ஊற்றுவது?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். தலைக்குக் குளித்தால் அக்காவின் முடி நார் போல விறைத்துக்கொள்ளும். அவளுக்காக வீட்டில் கலக்கும், முடியில் பூசும் சீரத்திலிருந்து டைமெத்திகோன் என்ற சிலிகோனை எடுத்துவிட்டு, அதே எடைக்குச் செக்குத் தேங்காய் எண்ணெயைச் சேர்த்தேன். கத்திரி வெயிலில் அரை மணி நேரத்தில் எண்ணெய் நெற்றிக்கு வழிந்தது. சிக்கு அப்படியே இருந்தது.

எண்ணெய்மேல் குற்றமில்லை. நான்தான் அதற்குப் பொருந்தாத வேலையைக் கொடுத்தேன். டைமெத்திகோன் முடிக்குள் புகாது. மேலே மெல்லிய படலமாகப் படிந்து, இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கச் செய்கிறது. தேங்காய் எண்ணெயோ, அதிலுள்ள லாரிக் அமிலத்தால் முடிக்குள் புகுந்து, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. எனவே குளிப்பதற்கு முந்தைய இரவு தேய்க்க அதற்கு நிகர் எதுவுமில்லை. குளித்தபின் பூசும் சீரத்துக்கு அது வேண்டாம். மார்கழிக் குளிரில் புட்டிக்குள் உறைந்தும்விடும்.

சீரத்தை நொடியில் பரப்பிவிட்டு ஆவியாவது இன்னொரு சிலிகோனான சைக்ளோபென்டாசிலோக்சேன், அதாவது டி5. கழுவிவிடும் அழகுப் பொருள்களில் இது 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. காரணம் தோலுக்கு வரும் கேடு அல்ல. சுற்றுச்சூழலில் எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் தன்மை. பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஒரு காரணமே போதும். டி5 இருந்த இடத்தில் தேங்காயிலிருந்து எடுக்கும் ஆல்கேன் என்ற லேசான திரவமும் கோகோ கேப்ரிலேட் என்ற பிசுக்கில்லாத எண்ணெய்ப் பொருளும் கலந்த கலவையைச் சேர்க்கிறேன். அதே லேசான தன்மை கிடைக்கிறது. ஆல்கேனும் ஆவியாகக் கூடியது என்பதால், மற்ற பொருள்களைச் சூடாக்கியிருந்தால் சூடு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

'இயற்கை சிலிகோன்' என்று புகழப்படும் ப்ரோக்கோலி விதை எண்ணெயின் பளபளப்புக்கு எரூசிக் அமிலமே முக்கியக் காரணம். அது நம் கடுகெண்ணெயிலும் ஏராளம். ஆனால் கடுகெண்ணெயின் நெடியும் எரிச்சலும் சீரத்துக்கு ஆகாது. ப்ரோக்கோலி எண்ணெயிலும் முட்டைக்கோஸ் வாடை உண்டு. அதனால் கொஞ்சமாகத்தான் சேர்ப்பேன்.

முகக் கிரீமில் டைமெத்திகோனுக்குப் பதில் ஸ்குவாலேன் என்ற லேசான எண்ணெய். எளிதில் கெட்டு வாடை அடிக்காது, பிசுபிசுக்காது, எடைக்கு எடை மாற்றலாம். ஆனால் பாத்திரம் தேய்த்து வெடித்துப்போன அம்மாவின் கைகளுக்கான கிரீமில் டைமெத்திகோனை நான் மாற்றவே இல்லை. அமெரிக்க விதிகள் 1 முதல் 30 சதவீதம் வரை அதைத் தோல் காக்கும் மருந்துப் பொருளாகவே ஏற்கின்றன. அந்தக் காவலை ஸ்குவாலேன் தராது.

இப்போது அக்காவின் சீரத்தில் 90 சதவீதம் ஆல்கேன் கலவை, 9.5 சதவீதம் ப்ரோக்கோலி விதை எண்ணெய், 0.5 சதவீதம் வைட்டமின் ஈ. சிக்கு எடுக்கும் பொறுப்பைக் கண்டிஷனரில் 4 சதவீதம் சேர்க்கும் பிடிஎம்எஸ் என்ற முடி மென்மையாக்கி ஏற்றுக்கொண்டது. நேர்மின்னூட்டம் கொண்ட அது சேதமடைந்த இழைகளில் நன்றாகப் படிகிறது. ஈர முடியில் சீரம் இரண்டே சொட்டு, காதுக்குக் கீழே மட்டும்.