‘ஆர்.சி. புக் பின்னால் வரும்’: பழைய புல்லட் வாங்கப் போகும் வடசென்னைக்காரர்களுக்கு

வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம் பக்கம் பழைய புல்லட் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். “வண்டி தயார், ஆர்.சி. புக் மட்டும் பின்னால் வரும்” என்று சொல்லி விற்கிற ஒருவரிடம் 60,000 ரூபாய் கொடுத்துவிட்டு, இன்று வண்டியும் இல்லாமல் முழுப் பணமும் திரும்பாமல் நிற்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் சொன்ன கதைகளை எழுதுகிறேன். இந்த வியாபாரத்தில் வேறு பலரும் அதே கதைகளைத்தான் சொல்கிறார்கள் என்பது விசாரித்த பிறகு தெரிந்தது.

விலை 1,10,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். 60,000 உடனே, மீதி 50,000 புக் என் பெயருக்கு மாறிய பிறகு. கேட்டவர்கள் எல்லோரும் நல்ல ஏற்பாடு என்றார்கள். பாதிப் பணம் நிலுவையில் இருந்தால் விற்றவர் தானாக ஓடிவந்து காகிதத்தைக் கொடுப்பார் என்பது ஊரில் உள்ள கணக்கு. அந்த மனிதரின் கணக்கு வேறு. அவருக்கு அந்த 60,000தான் முழு விலை. புக் இல்லாத புல்லட் உதிரிபாக விலைக்குத்தான் போகும். பெயிண்ட், டயர், செயின் செலவு போகவும் அவருக்கு அதிலேயே நல்ல லாபம். மீதி 50,000 வரும் என்று அவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். எனக்குத் தைரியம் கொடுப்பதற்காகப் பேசிய தொகை அது.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. பச்சை நிற டேங்க், வலது பக்க கியர், ஹெட்லைட் மேல் ஆம்பியர் மீட்டர், நியூட்ரல் விழுவதற்குத் தனியாக ஒரு மிதி. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரசரைப் பிடித்து, ஒரே உதையில் கிளப்பிக் காட்டினார். “1972 மாடல், நம் திருவொற்றியூர் வண்டி. வெளியூர்க்காரனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை தம்பி” என்றார். 1955 முதல் புல்லட்டோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் திருவொற்றியூர். அந்த ஊர்ப் புல்லட் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தெரு அங்கே குறைவு. இந்தப் பாசத்துக்கு எவ்வளவு விலை வைக்கலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

முதல் கதை: உரிமையாளர் துபாயில் இருக்கிறார், வந்ததும் கையெழுத்துப் போடுவார். துபாய்க்காரர் வரவில்லை. அடுத்த கதை, புக் தொலைந்துவிட்டது, டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டாகிவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டூப்ளிகேட் ஆர்.சி.க்கான படிவம் 26இல் கையெழுத்திட வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ள உரிமையாளர். காணாமல்போனதற்கான காவல்துறைச் சான்றையும் அவர்தான் வாங்க வேண்டும். விற்பவர் அந்த உரிமையாளர் இல்லை என்றால் அவர் எங்கேயும் எதையும் எழுதிப் போட்டிருக்க முடியாது. வாங்கியவருக்கும் அதே நிலைதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “வண்டி உங்கள் பெயரிலா இருக்கிறது?” என்பதுதான். இல்லை என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். முறையாக நடந்தால் விற்பவர் படிவம் 29, 30இல் கையெழுத்திடுவார், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுப்பார், வேலை முடிந்தது. 20 ரூபாய் முத்திரைத்தாளில் ‘வண்டியை விற்றுவிட்டேன்’ என்று மூன்றாவது மனிதர் எழுதிக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

பிறகு துபாய்க்காரர் இறந்துவிட்டார் என்றார். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுக்கலாமே, வாரிசு யார் என்று கேட்டேன். அடுத்த வாரமே இறந்தவரை விட்டுவிட்டு, இது போலீஸ் ஏலத்தில் எடுத்த வண்டி என்று மாற்றிவிட்டார்! ஏல வண்டி என்றால் ஏலம் உறுதியான உத்தரவு இருக்கும், அதை வைத்துப் படிவம் 32 போடலாம். உத்தரவைக் காட்டச் சொன்னேன். அது வேறு கட்டில் இருக்கிறதாம்.

கடைசியாக வந்ததுதான் உச்சம். “50 வருடம் தாண்டிய வண்டிக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது தம்பி, வின்டேஜ் பதிவு. அதற்குப் புக்கே தேவையில்லை.” பாதி உண்மை இருப்பதால் இந்தப் பேச்சு எடுபடுகிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். 50 வயது தாண்டிய, அசல் நிலையில் உள்ள வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும் பதிவு, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள். ஆனால் இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யைக் காட்டியாக வேண்டும். அதோடு, அந்தப் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்குத் தினமும் வேலைக்குப் போகிற என்னைப் போன்றவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வண்டி 1972ஆம் ஆண்டுடையது என்பதற்கே அவருடைய வாயைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அதன் பிறகு அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு வண்டியிடம் கேட்கத் தொடங்கினேன். நம்பர் பிளேட்டில் இருந்தது 1989க்கு முந்தைய எம்.எஸ். வரிசை எண். இத்தகைய பழைய எண்களில் பல இணையத்தில் ஏற்றப்படவில்லை. அதனால் தேடிப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றால் ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்று விற்பவர் சொல்லிவிடுகிறார். ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பி ரிஜிஸ்டர், அதாவது எந்த எண் எந்த வண்டிக்கு, யார் பெயரில் என்று எழுதிய பதிவேடு இருக்கிறது. மனு எழுதிக் கட்டணம் கட்டி அதன் நகலை வாங்கினேன். அந்த எண்ணுக்கு உரியது புல்லட்டே அல்ல, ஒரு ஸ்கூட்டர்.

காலடிப்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். புல்லட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். என்ஜின் சத்தத்தை அவர் கேட்கவே இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே சேசிஸின், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தின் கழுத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தார். பச்சை போனது, அதன் கீழே சாம்பல் நிற பட்டி போனது, பிறகு இரும்பு தெரிந்தது. எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினார். பதிவின்போது சேசிஸ் அச்சு எடுப்பார்களே, அதேபோல. “எண் கோணலாக இருப்பது பெரிய விஷயமில்லை நைனா, அந்தக் காலத்து வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். கீழே பார்” என்றார். தாளில் எண்களுக்குப் பின்னால் மெல்லிய இணைகோடுகள் விழுந்திருந்தன, அரம் போட்ட தடம். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. ஒரு 7க்கு அடியில் முழுதாக அழியாத வேறொரு எண்ணின் வளைவு, 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். சிலிண்டருக்குக் கீழே இடது பக்கம் உள்ள என்ஜின் எண்ணிலும் அதே கைவேலை. தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, “இதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதே, தள்ளிக்கொண்டு போ” என்றார்.

அவர் சொன்னது சரிதான். பதிவு இல்லாத வண்டிக்கும் காப்பீடு இல்லாததற்கும் அபராதம் கட்டித் தப்பிக்கலாம். எண் அழிக்கப்பட்ட வண்டி திருட்டு வண்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். அந்தப் பென்சில் தாள் கையில் வந்த பிறகு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கவும் முடியாது.

விற்றவரிடம் தாளைக் காட்டியபோது அவர் முகம் மாறவே இல்லை. இன்னும் 15,000 கொடுத்தால் ‘நல்ல புக்’ ஒன்று தருவதாகச் சொன்னார். காயலான் கடைக்குப் போன வேறொரு புல்லட்டின் ஆர்.சி.; அதில் உள்ள எண்களை என் வண்டியில் குத்திக் கொடுத்துவிடுவார்களாம். “எல்லோரும் செய்வதுதான் தம்பி” என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயையும் அன்று நான்தான் குடித்தேன் என்பது இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், அதுவரை நான் ஏமாற்றப்பட்டவன். அந்த 15,000ஐக் கொடுத்திருந்தால் கூட்டாளி.

காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, வண்டியையும் ஒப்படைத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். புகாரில் எடுபட்டது ஒரே ஒரு காகிதம்: பணம் வாங்கியபோது அவர் கைப்பட எழுதிய ரசீது. அதில் தொகை, தேதி, சேசிஸ் எண், ‘ஆர்.சி. ஒரு மாதத்தில் தரப்படும்’ என்ற வரி, கையெழுத்து எல்லாம் இருந்தன. இருவரையும் அழைத்து விசாரித்த பிறகு 35,000 ரூபாய் தவணையாக வந்தது. மீதி 25,000க்கு ‘பெயிண்ட் செலவு’ என்று கணக்குச் சொல்கிறார்.

வாங்கப் போகிறவர்கள் முன்பணத்துக்கு முன் நம்பரையும் சேசிஸ் எண்ணையும் கேட்டு வாங்கி, பி ரிஜிஸ்டர் நகலை நீங்களே எடுத்துவிடுங்கள். கழுத்தில் தாள் வைத்து உரச விடாதவரிடம் விலை பேசவே வேண்டாம். பதிவேட்டில் பெயர் உள்ளவரோ அவருடைய வாரிசோ நேரில் வரட்டும், அதன் பிறகு பணத்தை எண்ணலாம்.

ஏற்கெனவே இதே வகையில் பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விற்றவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். என் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அவருடைய கொட்டகை வாசலில் இப்போது ஒரு கறுப்பு புல்லட் நிற்கிறது. புக் பின்னால் வருமாம்.